ஆள் அனுப்புகிறவன் படுத்தபோது

எனக்கு வந்திருப்பது காசநோயாகவே இருக்க வேண்டும் என்று என் மனைவி கலா பெரம்பலூரில் ஒரு பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து வேண்டிக்கொண்டாள். அதே நேரம் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, காசநோய் மட்டும் வேண்டாம், வேறு எதுவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த வேறு எது என்பது புற்றுநோய். அது தெரிந்தேதான் அப்படி வேண்டினேன். ஒரே வீட்டிலிருந்து இப்படி எதிரும் புதிருமாக இரண்டு மனு போனால் சாமிதான் என்ன செய்யும்? உடம்பு தேறி உட்கார்ந்து எழுதும் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஏன் அப்படி ஒரு கேடுகெட்ட வேண்டுதல் என்று புரிய என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். அரியலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருக்கும் அப்பா அம்மாக்கள் மெயில் பார்க்க வருவார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நான்தான் படித்துச் சொல்வேன். எல்லா மெயிலிலும் ஒரே புலம்பல். அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக ஆள் இருக்கிறதா, கரண்டு பில் கட்டியாயிற்றா, ஒட்டடை அடிக்க யாராவது வருவார்களா. மற்றவர்கள் இதைப் படித்தால் பாவம் என்பார்கள். எனக்கு அதில் ஒரு தொழில் தெரிந்தது. 'ஒத்தாசை' என்று ஒரு இணையதளம் தொடங்கினேன். வெளியூரில் இருக்கும் பிள்ளை அதில் வேலையைச் சொல்லிப் பணம் கட்டினால் போதும், அரியலூரிலோ உடையார்பாளையத்திலோ மீன்சுருட்டியிலோ எங்கள் ஆள் போய் அந்த வேலையை முடித்துக் கொடுப்பார். முடித்ததும் போட்டோவோடு மெயில் போகும்.

ரேஷன் வாங்குவது, சமைத்து வைப்பது, பேங்குக்குக் கூட்டிப் போவது என்று என்னென்னவோ வேலைகள் இருந்தாலும் நன்றாக ஓடியது நான் எதிர்பார்க்காத ஒன்று. நோயாளியைப் போய்ப் பார்த்து வருவது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வராதவனை மன்னித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவனை ஏழு தலைமுறைக்கும் மன்னிக்க மாட்டார்கள். துபாயில் இருக்கிறவன் மாமா ஆபரேஷனுக்கு எப்படி எட்டிப் பார்ப்பான்? அவனுக்காக எங்கள் ஆள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போவார். இன்னார் அனுப்பினார் என்று சொல்லி நலம் விசாரித்துவிட்டு வருவார். இதற்கு விதிமுறைகளும் நானே எழுதி வைத்தேன். கட்டிலில் உட்காரக் கூடாது. அழக் கூடாது. தனக்குத் தெரிந்த ஒருத்தர் இதே நோயில் செத்த கதையைச் சொல்லக் கூடாது. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. கடைசியது நான் எழுதியே இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் இருந்தும் எழவு வீட்டில் இருந்தும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். திரும்ப வருகிறேன் என்றால் அந்தக் கட்டிலுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும்.

இந்தத் தொழிலில் விற்றது உழைப்பு இல்லை, நம்பிக்கை. முன்பின் தெரியாத ஒருவரை, வயசான அம்மா தனியாக இருக்கும் வீட்டின் சமையல்கட்டு வரை விடுகிறார்கள். அப்படி இருக்கும்போது, ஒத்தாசை நடத்துகிறவனுக்கே டி.பி. என்று ஊரில் பேச்சு வந்தால் எந்த வீடு கதவைத் திறக்கும்? என்னை நம்பி வேலை பார்த்த பெண்கள் பலர். அதில் முக்கால்வாசிப் பேர் புருஷன் சம்பாத்தியத்தை நம்ப முடியாதவர்கள். இதுதான் என் பயம். உயிர்ப்பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

நோய் தொடங்கியது ஒரு வெயில் காலத்தில். சாயந்திரமானால் உடம்பு கணகணவென்று இருக்கும். காலையில் ஒன்றும் இருக்காது. வறட்டு இருமல். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கடைசியில், மூச்சை இழுத்து விட்டால் வலது விலாவில் யாரோ ஊசியால் குத்துவது போல வலித்தது. தெருமுனை டாக்டர் தந்த மாத்திரைகளைத் தின்று தின்று வாய் கசந்ததுதான் மிச்சம். பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். கருப்பாகத் தெரிய வேண்டிய வலது பக்கம் பாதி வரை வெள்ளையாக இருந்தது.

"நீர் கோத்திருக்கு. அட்மிட் ஆயிடுங்க" என்றார் டாக்டர்.

அரியலூரில் படுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். தஞ்சாவூரும் திருச்சியும் நல்ல இடம்தான், ஆனால் எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் இல்லாத வார்டு அங்கே கிடையாது. பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியைப் பிடித்தேன். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, பிறகு வேண்டாமென்று பெரம்பலூரோடு மறுபடி சேர்த்துவிட்டிருந்த காலம் அது. அந்தக் கோபத்தில் அரியலூர்க்காரர்கள் பெரம்பலூர்ப் பக்கம் அதிகம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். சென்டரைப் பார்த்துக்கொள்ளும் சுமதியிடம், கம்ப்யூட்டர் சாமான் வாங்கச் சென்னை போகிறேன், வர நாளாகும் என்று சொல்லிவிட்டேன். வரும் வேலைகளை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவள்தான்.

முதல் நாளே முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நுரையீரலைச் சுற்றி மெல்லிசாக இரண்டு சவ்வு இருக்கிறதாம். ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல இருக்கும். அந்த இடுக்கில் நீர் சேர்ந்தால் நுரையீரலுக்கு விரிய இடமில்லாமல் போய்விடும். அதனால்தான் மூச்சு முட்டல். ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, முன்னால் இருந்த மேசையில் தலையணையை வைத்துக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மரத்துப்போக ஒரு ஊசி, அப்புறம் பெரிய ஊசி. இருமக் கூடாது, அசையக் கூடாது என்றார் டாக்டர். அசையாமல் இருப்பதைவிட இன்னொரு ஊசியே போட்டுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. வந்த நீர், வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில் இருந்தது.

டாக்டர் இளவயதுக்காரர். மழுப்பாமல் பேசினார். "இந்த நீர் ரெண்டு காரணத்தால வரலாம். ஒண்ணு டி.பி. இன்னொண்ணு கேன்சர். டி.பி.ன்னா மாத்திரையில போயிடும். டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன், வரட்டும்" என்றார். நீரைச் சோதிக்கத் திருச்சிக்கு அனுப்பினார்கள். சளியை இங்கேயே பார்த்தார்கள். முன்கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி போட்டுப் பேனாவால் வட்டம் வரைந்தார்கள். அந்த இடம் எவ்வளவு தடிக்கிறது என்று பிறகு வந்து அளப்பார்களாம். அளக்க வருவதற்குள் நானே அதை நூறு தரம் பார்த்திருப்பேன். தடித்துக்கொண்டே போனது. கலா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். நான் சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்தேன்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கட்டிலில் என்னால் கால் நீட்டிக் கிடக்க முடியவில்லை. வராந்தாவின் இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசிக்கு நடந்தேன். மூச்சு வாங்கினால் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் விரட்டினால் கட்டிலுக்கு வந்து செல்போனை எடுத்தேன். சென்னை வெயிலைப் பற்றிச் சுமதியிடம் இருமலை அடக்கிக்கொண்டு கதை அளந்தேன். அடுத்த கட்டில்காரர் இவ்வளவு பொய்யையும் கேட்டுக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கலாவின் பாடு அதைவிட மோசம். கீழே மருந்துக் கடைக்கும் மேலே வார்டுக்கும் ஓட வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் பில் கவுண்டரில் நிற்க வேண்டும். அந்தக் கவுண்டரில் இருந்து திரும்பும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. கழுத்துச் சங்கிலி இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்ததையும் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தெரிந்தவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடக் கூடாது என்று நான் சத்தியம் வாங்கியிருந்தேன். திருச்சிக்குப் போய் ரிசல்ட் வாங்கி வரவும் ஆள் இல்லை. என்னைத் தனியாக விட்டுப் போகவும் அவளுக்கு மனசில்லை.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதில் போய் உட்கார்ந்து எங்கள் ஒத்தாசையிலேயே, சேலத்தில் இருக்கும் அவள் அக்கா பெயரில், பெரம்பலூரில் ஒரு நோயாளியுடன் பகலில் இருக்கப் பெண் வேண்டும் என்று பதிவு செய்துவிட்டாள். பெரம்பலூர்ப் பக்கம் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆட்களுக்கு எங்கள் முகம் தெரியாது, அவர்களில் ஒருத்தி வருவாள் என்பது அவள் கணக்கு. புருஷனே நடத்தும் கடையில் புருஷனுக்குத் தெரியாமல் ஆள் எடுத்த பெண்சாதி இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான் இருப்பாள்.

சுமதி கெட்டிக்காரி. நோயாளி வேலை என்றால் யாரை அனுப்ப வேண்டும் என்று நான்தானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் ஒயர் கூடையோடு புஷ்பம் வந்து நின்றாள்.

புஷ்பம் ரெட்டிபாளையத்துக்காரி. புருஷன் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தக் கூலி. எங்கள் ஆட்களில் மூத்தவள், வாய்க்காரி, நோயாளிகளுக்குப் பிடித்தமானவள். விதிமுறைகளை மீறுவதிலும் அவள்தான் முதல். கட்டிலில் உட்கார்வாள், அழவும் செய்வாள். என்னைப் பார்த்ததும் கூடையை அப்படியே கீழே வைத்தாள்.

"சார், நீங்க சென்னையிலல்ல இருக்கீங்க?" என்றாள்.

கலா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் இருமல்தான் வந்தது. இருமி முடித்ததும் புஷ்பத்திடம், வந்ததை மறந்துவிட்டுப் போ, யாரிடமும் மூச்சு விடாதே என்று கெஞ்சினேன், மிரட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே என் தலையணை உறையைக் கழற்றி மாற்றினாள்.

"நானா போயி யாருட்டயும் சொல்ல மாட்டேன் சார். கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

கேட்காமல் விட எங்கள் ஊர் என்ன அயல்நாடா? காலைப் பஸ்ஸில் ஒருத்தியைப் பார்த்தால், எங்க போற, யாருக்கு, என்ன உடம்புக்கு என்று மூன்று கேள்வி கேட்டபிறகுதான் உட்கார இடம் தருவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் அவள் வந்த பிறகு கலா திருச்சிக்குப் போய்வர முடிந்தது. புஷ்பம் எனக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். நான் நடக்கப் போனால் கூடவே நடந்தாள். அடுத்த கட்டில்காரரின் குடும்பக் கதை முழுவதும் மத்தியானத்துக்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் திட்டினால், "பேசாம படுங்க சார், நீங்க இப்ப முதலாளி இல்ல, பேஷண்டு" என்பாள். சங்கடமாகத்தான் இருந்தது. அதைவிட ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கலா ரிசல்ட்டோடு வந்தாள். டாக்டர் படித்துவிட்டு, "டி.பி.தான்" என்றார். கலா அவர் காலில் விழப்போனாள். அவர் பின்னால் நகர்ந்து மேசையில் இடித்துக்கொண்டார். புஷ்பம் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் உயிர் பிழைத்த செய்தியைக் கேட்டு ஒப்பாரி வைக்காத குறையாகக் கிடந்தவன் நான்.

டாக்டர் என்னைத் திருப்பி உட்கார வைத்து விளக்கினார். இந்த நோய் நுரையீரலுக்கு வெளியே, சவ்வில் இருக்கிறது. சளியில் கிருமி இல்லை. அதனால் நான் இருமினாலும் பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டாது. ஆறு மாதம் மாத்திரையை விடாமல் தின்ன வேண்டும். அந்த மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்துத் தின்ன முடியாது. ஒரு சுகாதாரப் பணியாளர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். மாத்திரை தொடங்கினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படக் கூடாது. எல்லாம் கேட்டேன். பிறருக்கு ஒட்டாது என்பதை அவரே அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்துச் சொல்வாரா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

நான் பயந்தது அதற்கு அடுத்த நாளே நடந்தது. பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் ஒரு கும்பல். மீன்சுருட்டியில் இருந்து ஒரு அம்மாவும் மருமகளும். ஜெயங்கொண்டத்தில் இருந்து சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர். பிறகு இன்னும் பலர், ஒவ்வொருவர் கையிலும் ஹார்லிக்ஸ். எல்லோரும் எங்கள் வாடிக்கையாளர்களின் அப்பா அம்மாக்கள். சிலரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. "நான் கிடந்தப்ப நீ ஆள் அனுப்பி விசாரிச்சியே தம்பி, நான் வராம இருப்பனா" என்றார்கள். எனக்குத் தலை சுற்றியது. அந்த விசாரிப்புக்குப் பணம் கட்டியது துபாயில் இருக்கும் அவர்கள் பிள்ளைகள். நான் அனுப்பியது கூலிக்கு. ஆனால் இவர்கள் கணக்கில், படுக்கையருகே வந்து நின்றவர் யாரிடமிருந்து வந்தாரோ அவருக்குத்தான் பதில் செய்முறை. பிள்ளை சொந்தம், அவனுக்குக் கணக்கு இல்லை. அந்நியன் ஆள் அனுப்பியதுதான் கடன். அப்படியாக, தொழில் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக நான் ஒரு தாலுகாவுக்கே சொந்தக்காரனாகியிருந்தேன்.

நர்ஸ் வந்து கத்தினாள். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் ஜன்னல் ஓரம் நிறைந்து கட்டிலுக்கடியிலும் போயின. எனக்கு வந்தது நெகிழ்ச்சியா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. என்ன உடம்புக்கு என்று எல்லோரும் கேட்டார்கள். சளி, கொஞ்சம் நீர் கோத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

கும்பலின் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "சளிக்கு எவன்யா அரியலூர்லேருந்து பெரம்பலூர் வந்து படுப்பான்?"

கோவிந்தசாமி. உடையார்பாளையத்துக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் சிங்கப்பூரில். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது மகள் பணம் கட்ட, நான் புஷ்பத்தை அனுப்பினேன். கொண்டுபோன ஹார்லிக்ஸ் தனக்குப் பிடிக்காத ருசி என்று திருப்பி அனுப்பியவர். எங்கள் ஒத்தாசைக்கு அவர் வைத்த பெயர், கூலிக்கு விசாரிக்கிற கூட்டம். அப்படிப்பட்டவர் ஏன் வந்தார் என்று புரியவில்லை. அவர் கையில் ஹார்லிக்ஸ் இல்லை. ஒரு சீப்பு பூவன் பழம் இருந்தது.

நான் மறுபடி சளி என்று தொடங்கினேன். கலா இடையில் பேசினாள். நாட்கணக்கில் என் பொய்களைச் சுமந்து அவளுக்கு அலுத்துவிட்டிருக்க வேண்டும்.

"டி.பி.ங்க. மாத்திரையில சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இது யாருக்கும் ஒட்டாதுங்க" என்றாள்.

மீன்சுருட்டி மருமகள் முந்தானையை எடுத்து மூக்கின் மேல் வைத்துக்கொண்டாள். கட்டிலில் கை ஊன்றியிருந்தவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். உடம்பைப் பாத்துக்கங்க என்று சொல்லி ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். போயிட்டு வரேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதுதான், அது முறை. ஆனால் அவர்கள் முறைக்காகச் சொல்லாமல் போனார்களா, இனி வரப்போவதில்லை என்பதால் சொல்லாமல் போனார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கோவிந்தசாமியும் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் கலாவிடம் கத்தினேன். நம் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்றேன். அவள் ஒரு பழத்தை உரித்து என் கையில் வைத்தாள். "சோறு தின்ன ஆள் இருக்கணும்ல" என்று மட்டும் சொன்னாள். நான் பழத்தைத் தின்றேன்.

வீட்டுக்கு வந்தபின் அசதி இருந்தாலும் படுக்கை கொள்ளவில்லை. காலையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டு, நேராகச் சென்டருக்குப் போய்விடுவேன். மெயிலைத் திறப்பேன். மூடுவேன். திறப்பேன். ஒத்தாசைக்கு வேலைகள் வருவது குறைந்துகொண்டே போய், ஒருநாள் நின்றுவிட்டது. துபாயில் இருந்து ஒருவர், தப்பாக நினைக்காதீர்கள், கொஞ்ச நாளைக்கு எங்கள் அம்மா வீட்டுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார். மற்றவர்கள் அந்த மரியாதையும் காட்டவில்லை. டாக்டர் சொன்னதை ஒவ்வொருவருக்கும் விளக்கி எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. விளக்க விளக்க நோய் பெரிதாகத் தெரிகிறது என்று சுமதி சொன்ன பிறகு நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு நேர்ந்ததை நான் தாங்கியிருப்பேன். ஆனால் புஷ்பத்துக்கும் அது நேர்ந்தது. உடையார்பாளையத்தில் அவள் வழக்கமாகச் சமைக்கும் வீட்டில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெரம்பலூரில் என் பக்கத்தில் இருந்தவள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? கேட்டார்கள், அவள் சொன்னாள். சென்டருக்கு வந்து கூடையை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகலாம் என்றிருப்பதாகவும் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழ வெட்கப்பட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் சென்டருக்கு ஒரு போன் வந்தது. கோவிந்தசாமி. கண்ணில் புரை எடுத்திருக்கிறார்களாம், நாளைக்கு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்ட வேண்டுமாம், பஸ்ஸில் தனியாக வரக் கூடாதாம். அவர் மகள் எங்களை ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தாள். அதைச் சொன்னேன்.

"எம் மவ பேச்ச விடு. நீ காலையில வா" என்றார்.

யாரையாவது ஏற்பாடு செய்கிறேன் என்றேன். பழக்கத்தில் வந்த சொல்.

"ஆள் அனுப்புற வேலயெல்லாம் வேணாம். நான் கிடந்தப்ப நீ வந்தியா? ஆள் அனுப்புன. நீ கிடந்தப்ப நான் ரெண்டு பஸ் மாறி நேருல வந்தேன். அந்தக் கடன் நிக்குது. நீ வந்து பாக்கணும்" என்றார்.

மற்ற எல்லோரும் ஆள் அனுப்பியதை நானே வந்ததாக எடுத்துக்கொண்டார்கள். இந்த மனுஷர் ஒருவர்தான் எடுத்துக்கொள்ளவில்லை. நான் இன்னும் மாத்திரை தின்கிறவன் என்றேன். காதில் விழாதவர் போல, முதல் பஸ்ஸைப் பிடி என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனேன். உடையார்பாளையத்தில் அவர் தெரு, புஷ்பத்தை நிறுத்திய அதே தெரு. பச்சைத் துணியால் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு நாற்காலி, தெருவைப் பார்த்தபடி. உள்ளே போய்விடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வூட்டுக்குள்ள புழுக்கம் என்றார். எதிர் வீட்டில் ஒரு பெண்மணி கோலம் போட்டு முடித்தும் உள்ளே போகாமல் நின்றிருந்தாள். வந்த வழியில் எனக்கு இருமல் வராமல் இருக்க வாயில் கிராம்பை அடக்கி வைத்திருந்தேன். அது அப்போதுதான் தீர்ந்துபோனது. இருமிவிட்டேன்.

கோவிந்தசாமி உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணாந்து குடிக்கப்போனேன். மூச்சு முட்டுகிறவன் அண்ணாந்து குடித்தால் புரையேறும், வாய் வச்சுக் குடி என்று அதட்டினார். குடித்தேன். மீதி பாதி இருந்தது. செம்பை வாங்கி, எதிர் வீட்டைப் பார்த்தபடி, மீதியை அவரும் வாய் வைத்துக் குடித்துவிட்டு நாற்காலிக்கடியில் வைத்தார். கண்டக்டர் வேலையில் எத்தனை பேர் இருமலை மூஞ்சியில் வாங்கியிருப்பேன், உன் இருமல் என்ன உசத்தியா என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை திரும்பிக்கொள்ள அங்கே கம்ப்யூட்டர் இல்லை.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குப் பிடித்துத் தந்தார். அழைத்துப் போக வந்தவன் நானா அவரா என்று பார்த்தவர்களுக்கு விளங்கியிருக்காது. ஆஸ்பத்திரியில் கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். மத்தியானம் அவரை மறுபடி வீட்டில் கொண்டுவந்து விட்டேன். எதிர் வீட்டுப் பெண்மணி இப்போது வாசல்படி வரை வந்து, கண் எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, உங்களுக்கு ஒடம்பு தேவலையா என்று என்னையும் கேட்டாள். தேவலைங்க என்றேன்.

"திங்கக்கெழம அந்தப் புஷ்பத்த அனுப்பு. சமைக்க ஆள் வேணும். எம் மவகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் கோவிந்தசாமி, எதிர் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

சரி என்று எழுந்தேன். கண் ஆபரேஷன் ஆன மனுஷர், நோயாளியைப் பார்க்க வந்த இடம். விதிமுறை எழுதியவன் ஆயிற்றே, வாயை மூடிக்கொண்டு படியிறங்கினேன்.

"என்னடா, சொல்லாம கொள்ளாம எறங்குற? இது என்ன ஆஸ்பத்திரியா?" என்றார்.

திரும்பி நின்றேன். "போயிட்டு வரேங்க" என்றேன்.